ரிஜெக்ட் தோல்

ஞாயித்துக்கிழமை கண்காட்சி. அஞ்சு படம் மாட்டணும். பிரிசில்லா கையில இருந்தது ரெண்டே ரெண்டு. மிச்சம் மூணு படம் எடுக்க வேண்டிய அச்சுத் தோலை, கட்டின புருஷனே கொண்டுபோய்ப் பாழாக்கிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறான். கோவம் வருமா, வராதா?

வரும். நல்லாவே வந்துச்சு. ஆனா அந்தக் கோவத்துல இருக்கற நியாயம் புரியணும்னா கொஞ்சம் முன்னாடி போய்ட்டு வரணும்.

பிரிசில்லாவுக்கு வீடு ஆம்பூர்ல. துத்திப்பட்டுப் பக்கம் ஒரு தோல் கம்பெனியில வேலை. செலக்‌ஷன் செக்‌ஷன். பதப்படுத்தின தோலு மேஜை மேல ஒண்ணொண்ணா வந்து விழும். அவ கட்டை விரலை ஓட்டிப் பாத்து இது ஃபர்ஸ்ட், இது செகண்ட், இது ரிஜெக்ட்னு பிரிக்கணும். உண்ணி கடிச்ச புள்ளியோ, முள்கம்பி கீறின கோடோ, எது கண்ணுல பட்டாலும் வெள்ளி பேனாவால ஒரு வட்டம். பதினோரு வருஷமா இதே பொழப்பு. அந்த மேஜைக்கு முன்னாடி அவ வெச்சதுதான் சட்டம். வீட்லதான் அவ பேச்சு அரை அடி கூட நவுராது.

படம் வரையற பைத்தியம் அவளுக்குச் சின்ன வயசுலேருந்தே உண்டு. சாப்பாட்டு நேரத்துல துண்டுச் சீட்டுப் பின்னாடி கூட வேலை செய்யற பொம்பளைங்க மூஞ்சியை வரைஞ்சி கொடுப்பா. ரெண்டு வருஷம் முன்னாடி, வேலூர் காகிதப்பட்டறையில பில்கிஸ்னு ஒரு பொண்ணு ஞாயித்துக்கிழமை வகுப்பு எடுக்குதுன்னு கேள்விப்பட்டுப் போய்ச் சேந்தா. பில்கிஸ் இவளை விட நாலு வயசு சின்னவ. சென்னையில ஓவியம் படிச்சிட்டு வந்து, அவங்க அப்பாவோட பழைய பீடி குடோனைக் காலி பண்ணி, கையால சக்கரம் சுத்தற அச்சு மெஷின் ஒண்ணைப் போட்டிருந்தா.

மொதல் வருஷம் தண்ணி வர்ணம். கோட்டை அகழி ஓரமா உக்காந்து வரைஞ்சாங்க. அமிர்தி அருவிக்கு வேன் வெச்சிக்கிட்டுப் போய் வரைஞ்சாங்க. பிரிசில்லாவுக்கு அது ஒத்தே வரல. ஒரு சொட்டு தப்பா விழுந்துட்டாப் போதும், குறை தேடியே பழகின கண்ணாச்சே, சும்மா விடுமா? துடைப்பா, மேல பூசுவா, மறுபடியும் துடைப்பா. அமிர்தி அருவியைத் துடைச்சித் துடைச்சிக் காகிதமே ஓட்டையாப் போச்சு.

"அக்கா, தண்ணி வர்ணத்துல விழுந்தது விழுந்ததுதான். திருத்தத் திருத்தச் சேறாயிடும். கையை வெச்சிக்கிட்டு சும்மா இருங்க"ன்னு பில்கிஸ் தலையில அடிச்சிக்குவா.

அடுத்த வருஷம் அச்சு. கிடைக்கற பொருள் எதுலயாச்சும் மை பூசி அச்சு எடுத்துப் பாருங்கன்னு பில்கிஸ் சொன்னா. ஒருத்தர் இலை கொண்டாந்தாரு, ஒருத்தர் கோணிப்பை கொண்டாந்தாரு. பிரிசில்லா தோலு கொண்டாந்தா. எப்பேர்ப்பட்ட தோலு தெரியுமா? கம்பெனியிலேயே நம்பர் ஒன். சல்லடை போட்டுத் தேடினாலும் ஒரு புள்ளி கிடையாது. மேனேஜர்கிட்ட கெஞ்சிக் கூத்தாடி கேட் பாஸ் வாங்கி எடுத்தாந்தா. மை பூசி, சக்கரத்தைச் சுத்தி, காகிதத்தை உரிச்சிப் பாத்தா வெறும் கருப்பு. புதுசாப் போட்ட தார் ரோடு மாதிரி இருந்துச்சு.

"இதுல பாக்கறதுக்கு இன்னாக்கா இருக்கு?"ன்னு பில்கிஸ் சிரிச்சிட்டா. நல்ல தோலாப் பொறுக்கியே பழகினவளுக்கு, அச்சுக்கு நல்ல தோலு உதவாதுன்னு அப்பதான் உறைச்சுது.

அடுத்த வாரம் ரிஜெக்ட் தொட்டியில கையை விட்டா. கிடைச்சது ஒரு எருதோட பின்பக்கத்துத் தோலு, ஒண்ணரை அடித் துண்டு. சாட்டையால வாங்கின தழும்பு ஏழெட்டு, ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு. முள்கம்பியில மாட்டிக் கிழிஞ்சி ஆறின நீளக் கோடு. இடுப்பெலும்புக்கு மேல சூடு போட்ட வட்டம். சுத்தியும் உண்ணிக் கடி. மையைத் தேய்ச்சி, பதமாத் துடைச்சி, ஈரக் காகிதத்தை மேல போட்டு, சக்கரத்தைச் சுத்தினா. உரிச்சிப் பாத்தா, அடேயப்பா! அந்த எருது வாழ்நாள்ல பட்டது அத்தனையும் காகிதத்துல வந்து நிக்குது. பிரிசில்லா "ஏசப்பா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு அப்படியே தரையில உக்காந்துட்டா. பதினோரு வருஷமா வட்டம் போட்டு ஒதுக்கித் தள்ளினது இதையா? அன்னிக்கு பஸ்ல ஆம்பூர் வந்து சேர்ற வரைக்கும் அவளுக்கு அழுகை நிக்கல. படம்னு சொல்லிக்கற மாதிரி அவ செஞ்ச மொதல் படம் அதுதான்.

கண்காட்சி வைக்கலாம்னு பில்கிஸ் முடிவு பண்ணினா. ஆளுக்கு ஒரு அச்சு, ஒரே அச்சுல அஞ்சு படம், ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்கணும். அச்சுக்காரியோட கைப்பதம் அதுலதான் தெரியும்னா. பிரிசில்லா அந்த எருதுத் தோலுல, மொதல் படத்தோட சேத்து ரெண்டு எடுக்கறதுக்குள்ள நல்ல காகிதம் தீந்துபோச்சு. சனிக்கிழமை காகிதம் வந்துடும், வந்து மிச்சத்தை எடுங்கன்னா பில்கிஸ். குடோன்ல எலித் தொல்லை. தோலைக் கடிச்சி வெச்சிடும்னு பயந்து, மையைச் சுத்தமாத் துடைச்சி வீட்டுக்கு எடுத்தாந்து பீரோ மேல வெச்சா. எலிக்குப் பயந்தவ புருஷனுக்குப் பயந்திருக்கணும்.

புருஷன் இன்பராஜ் வேலை செய்யறது வேற கம்பெனி, லியாகத் அலி பாயோட கம்பெனி. ஃபினிஷிங் செக்‌ஷன். அங்க வேலையே, இவள மாதிரி ஆளுங்க குறை சொல்லித் தள்ளின தோலை உப்புத்தாள் மெஷின்ல தேய்ச்சி, பள்ளத்துக்கு பேஸ்ட் அடைச்சி, கலர் அடிச்சி, மேல பொய்யா ஒரு கிரெய்ன், அதான் தோலுல இயற்கையா இருக்கற ரேகை, அதை அழுத்தி, புதுத் தோலு மாதிரி பண்றது. அதுல இன்பராஜ் கில்லாடி. ஆம்பூர்ல அவன் கைக்கு ஒரு பேரு உண்டு.

வெள்ளிக்கிழமை அவ வேலை முடிஞ்சி வந்து செருப்பைக் கூடக் கழட்டல. மேஜை மேல எதையோ துண்டு போட்டு மூடி வெச்சிக்கிட்டு நின்னான்.

"கண்ணை மூடு பிரிசி."

"இன்னாங்க விளையாட்டு இது? உலை வைக்கணும்."

துண்டை எடுத்தான். பளபளன்னு ஒரு தோலு. அவ கட்டை விரல் தானாப் போய் அது மேல ஓடுச்சு. ஒரு மேடு இல்ல, ஒரு பள்ளம் இல்ல, கிரெய்ன் ஒரே சீரா இருக்குது. வாய் வரைக்கும் "ஃபர்ஸ்ட்"னு வந்துடுச்சு. அதை நினைச்சாத்தான் அவளுக்கு இன்னைக்கும் தன் மேலயே பத்திக்கிட்டு வரும். அப்புறம்தான் ஓரத்துல, அவளே கத்தியால வெட்டின வெட்டு கண்ணுல பட்டுச்சு.

"இது... இது எந்தத் தோலு?"

"உன்னுதுதான்! பீரோ மேல கிடந்துச்சே. அதுல எவ்ளோ டிஃபெக்ட் தெரியுமா? ரெண்டு நாளா சாப்பாட்டு நேரத்துல சாப்பிடாம உக்காந்து செஞ்சேன். ஃபோர்மேன் கிட்ட திட்டு வேற. இப்ப சொல்லு செலக்‌ஷன்காரி, இன்னா கிரேடு?"

"அதுல இருந்ததெல்லாம் எங்க?"

"எது?"

"தழும்பு!"

"அதைத்தானே எடுத்தேன்!" அவனுக்கு நிஜமாவே விளங்கல. இனிப்பு வாங்கியாந்து கொடுத்துட்டு அறை வாங்கின மாதிரி முழிச்சான்.

"யோவ்! உன்னை யாருய்யா கேட்டா?"

கல்யாணம் ஆகி ஒம்போது வருஷத்துல அவ அவனை யோவ்னு கூப்பிட்டது கிடையாது. எதிர்வீட்டு மரியம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பாத்துட்டு, பாத்தது தப்புன்னு சட்டுனு மூடிக்கிட்டாங்க.

"கத்தாத பிரிசி, ஊரே கேக்குது."

"கேக்கட்டும்! நல்லாக் கேக்கட்டும்! ரெண்டு வருஷம் நாயா பேயா அலைஞ்சி ஒரே ஒரு படம் செஞ்சேன். ஒண்ணே ஒண்ணு. அதையும் தேய்ச்சித் தொலைச்சிட்டு வந்து நிக்கறியே, நீயெல்லாம் மனுஷனா? என் பொருளைத் தொடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டியா நீ?"

"நல்லது தானேடி செஞ்சேன்! கண்காட்சியைத் திறந்து வைக்க யார் வர்றது? எங்க பாய் வர்றாரு. என் மொதலாளி. அவர் கண்ணு முன்னாடி என் பொண்டாட்டி ரிஜெக்ட் தோலை அச்சடிச்சி மாட்டி வெச்சா, எனக்கு இன்னா மரியாதை? இன்பராஜ் வீட்லயே இப்படியான்னு கேக்க மாட்டாரு?"

ஓஹோ, விஷயம் அங்க இருக்குதா? பாசம்னு சொல்லிக்கிட்டு வந்ததுக்கு அடியில இது ஒளிஞ்சிக்கிட்டு இருந்துச்சா? அலமாரியிலேருந்து மை துடைக்கற தின்னர் பாட்டிலை எடுத்து, துணியில நனைச்சி, தோலோட ஒரு மூலையைப் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சா. கலர் கரைஞ்சிது. பேஸ்ட் உதிர்ந்துச்சு. அடியில ஏதாவது மிச்சம் இருக்குமான்னு விரலை ஓட்டிப் பாத்தா. மழமழன்னு இருந்துச்சு. கில்லாடி வேலைன்னா கில்லாடி வேலைதான், ஒண்ணையும் மிச்சம் வெக்கல.

"வேற தோலு எடுத்துக்கோயேன். ரிஜெக்ட் தொட்டி நிறைய கிடக்குதே"ன்னான், குரலைத் தாழ்த்தி.

"ஒரு மாடு பட்ட அடி இன்னொரு மாட்டு மேல இருக்குமாய்யா?"

அன்னிக்கு அவ அடுப்பைப் பத்த வைக்கல. அவன் போய் பிரியாணி வாங்கியாந்தான். அவ அந்தப் பொட்டலத்தைத் திரும்பிக் கூடப் பாக்கல.

சனிக்கிழமை லீவு சொல்லிட்டு, காலையிலேயே தோலைத் தூக்கிக்கிட்டு காகிதப்பட்டறைக்குப் போனா. பில்கிஸ்கிட்ட ஒண்ணு விடாம சொன்னா. இவளாவது தன்னோட சேர்ந்து கோவப்படுவான்னு நினைச்சா.

"எடுத்துத்தான் பாப்போமே அக்கா"ன்னா பில்கிஸ்.

"எடுங்க மேடம். எவ்ளோ நாசம் பண்ணி வெச்சிருக்கான்னு நீங்களே பாருங்க."

மை பூசி, சக்கரத்தைச் சுத்தி, காகிதத்தை உரிச்சாங்க. சின்னச் சின்னக் கட்டம் கட்டமா, அழகா, சீரா, சேலைக்கு பார்டர் போட்ட மாதிரி வந்துச்சு. பில்கிஸ் ரெண்டு கையையும் தட்டிட்டா.

"அரே வாஹ்! அக்கா, இது ஜோரா இருக்கு!"

பிரிசில்லா அவ மூஞ்சியையே பாத்தா. விளையாடறாளோன்னு நினைச்சா. இல்ல.

"அந்த ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு. இல்லன்னு சொல்லல. ஆனா கொஞ்சம் ஜாஸ்தி அக்கா. பாக்கறவங்க பேஜார் ஆயிடுவாங்க. இதுலயே அஞ்சு எடுத்துடலாம், பார்வைக்கும் நல்லா இருக்கும்."

"திருத்தாதீங்க, திருத்தாதீங்கன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க?"

"அது தண்ணி வர்ணத்துக்கு அக்கா."

ஊருக்குத்தான் உபதேசம்! பிரிசில்லாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. ஆனா ரெண்டு வருஷம் தன்னை மதிச்சி மெஷின்ல கை வைக்க விட்ட பொண்ணு, அவ மூஞ்சிக்கு நேரா எப்படிச் சொல்றது? கை மட்டும் மை பூசிக்கிட்டே இருந்துச்சு. அஞ்சு படம் எடுத்துக் காயப் போட்டாங்க. வீட்டுக்குத் திரும்பற பஸ்ல அவ இன்பராஜைத் திட்டல, பில்கிஸைத் திட்டல. உனக்கு வாய் எங்கடி போச்சுன்னு தன்னையே திட்டிக்கிட்டு வந்தா.

ஞாயித்துக்கிழமை சத்துவாச்சாரியில ஒரு சின்ன மண்டபம். வெள்ளைச் சுவத்துல ஆணி அடிச்சி, ஒவ்வொரு ஆணியிலயும் கிளிப்பு தொங்க விட்டு, படங்களைப் பில்கிஸே மாட்டி வெச்சிருந்தா. பிரிசில்லா பேருக்குக் கீழ அஞ்சு படம், வரிசையா, பளிச்சுனு. தழும்போட எடுத்த அந்த மொத ரெண்டு படத்தை அட்டைக்கு நடுவுல வெச்சிப் பையில கொண்டாந்திருந்தா பிரிசில்லா. எதுக்குக் கொண்டாந்தான்னு அவளுக்கே தெரியல. வீட்ல விட்டுட்டு வர மனசு வரல, அவ்ளோதான். இன்பராஜ் கல்யாணத்துக்குத் தெச்ச கோட்டைப் போட்டுக்கிட்டு வந்திருந்தான். வெள்ளிக்கிழமையிலேருந்து ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது.

லியாகத் அலி பாய் வந்தாரு. எல்லாப் படத்தையும் பொறுமையாப் பாத்துக்கிட்டே வந்தவரு, பிரிசில்லா படத்துக்கு முன்னாடி நின்னுட்டாரு. மூக்குக் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டாரு.

"மாஷா அல்லாஹ்! இன்னா சுத்தமான கிரெய்ன்! யாரோட வேலை இது?"

"என் சம்சாரம் பாய்," இன்பராஜ் முன்னாடி வந்துட்டான். "ஃபினிஷ் மட்டும் நான்."

"அதானே பாத்தேன். நம்ம கம்பெனி கை தெரியுதுப்பா!" முதுகுல ஒரு தட்டு தட்டினாரு. "அம்மா, இந்த அஞ்சையும் நம்ம புது ஷோரூமுக்கு எடுத்துக்கறேன். வாசல்லயே வரிசையா மாட்டிடலாம்."

சுத்தி இருந்தவங்க கை தட்டினாங்க. பில்கிஸ் வந்து பிரிசில்லா கையைப் புடிச்சிக் குலுக்கினா. இன்பராஜ் அவளைப் பாத்துக் கண்ணைச் சிமிட்டினான். நான் அப்பவே சொன்னேன்லன்னு அந்தக் கண்ணு சொல்லுது. ரெண்டு நாளா அடக்கி வெச்சிருந்த கோவத்துல அந்தச் சிமிட்டல் போய் விழுந்துச்சு. எரியற கொள்ளியில எண்ணெய ஊத்தின கதைதான்.

அவ பில்கிஸ் கையை உதறினா. சுவத்துக்கிட்ட போனா. மொதல் படத்தைக் கிளிப்புலேருந்து எடுத்து, மேலேருந்து கீழ வரைக்கும் கட்டை விரலை ஓட்டினா.

"ரிஜெக்ட்."

தரையில வெச்சா. ரெண்டாவதை எடுத்தா. விரலை ஓட்டினா.

"ரிஜெக்ட்."

"ஏய், இன்னாடி பண்ற?" இன்பராஜ் பதறிட்டான். அவ திரும்பல. மூணு. நாலு. கம்பெனி மேஜையில எப்படிச் சொல்வாளோ, அதே குரல், அதே வேகம். அஞ்சாவதையும் கீழ வெச்சா.

லியாகத் அலி பாய் கோவிச்சிக்கல. நாப்பது வருஷமா தோலுக்குள்ளயே கிடக்கற மனுஷன், அந்தக் குரலு அவருக்குப் பழக்கம். செலக்‌ஷன்ல ஒரு தோலை ஒதுக்கினா காரணம் சொல்லியே ஆகணும், அது தொழில் முறை. அந்த முறைப்படியே கேட்டாரு.

"டிஃபெக்ட் இன்னாம்மா?"

"இதுல மாடு இல்ல பாய்."

பையைத் திறந்து, அட்டையைப் பிரிச்சி, அந்த ரெண்டு படத்தையும் எடுத்தா. மொதல் ஆணியில ஒண்ணு, ரெண்டாவது ஆணியில ஒண்ணு மாட்டினா. சாட்டைத் தழும்பு, முள்கம்பிக் கோடு, சூட்டு வட்டம், உண்ணிக் கடி. பில்கிஸ் ஏதோ சொல்ல வந்தா. "திருத்தாதீங்க மேடம்"னா பிரிசில்லா, சுள்ளுனு. பில்கிஸ் தலையைக் குனிஞ்சிக்கிட்டா.

பாய் அந்த ரெண்டையும் ரொம்ப நேரம் பாத்தாரு. நல்லா இருக்குன்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. "இந்த மாதிரித் தோலு எங்க கம்பெனிக்கு டெய்லி லாரி லாரியா வருது"ன்னாரு, மெதுவா. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சிக்கிட்டே அடுத்த படத்துக்குப் போய்ட்டாரு. ஷோரூம் பேச்சை அப்புறம் எடுக்கல.

இன்பராஜ் குனிஞ்சான். தரையில கிடந்த அஞ்சையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, மடங்காமத் தூக்கி, மண்டபத்து மூலையில கொண்டுபோய் வெச்சான். கம்பெனியில ரிஜெக்ட்னு சொன்னதை ஓரமா எடுத்து வைக்கற மாதிரியே. ஒம்போது வருஷத்துல அவ சொன்ன பேச்சுக்கு அவன் மறுபேச்சு பேசாம நடந்தது அன்னிக்குத்தான்.

திரும்பி வந்து படத்துக்கு முன்னாடி நின்னான். பொண்டாட்டியோட அச்சை அவன் அதுவரைக்கும் பாத்ததே இல்ல. காட்டட்டுமான்னு அவ கேட்டப்பெல்லாம் டிவி சத்தத்தை ஏத்தி வெச்சவன் தானே. சூட்டு வட்டத்துக்கிட்ட விரலைக் கொண்டுபோனான், தொடல.

"இவ்ளோவும் அதுல இருந்துச்சா பிரிசி?"

"இருந்துச்சு."

"தேய்க்கறது மெஷின்ல அஞ்சு நிமிஷம்தான். நான் பாக்கவே இல்ல."

அவளுக்கு மனசு இளகலன்னு சொல்ல முடியாது. ஆனா இளகினதுக்காகக் கோவம் போய்டுமா? போன தோலு போனதுதான். அந்த எருது பட்டதுக்கு இனிமே உலகத்துல சாட்சி ரெண்டே ரெண்டு காகிதம்.

"இன்னும் மூணு எடுத்திருப்பேன்"னா, சுவத்தைக் காட்டி.

மத்தியானம் மண்டபத்து ஆள் சுத்தியலோட வந்து, இந்தக் காலி ஆணியைப் புடுங்கிடட்டுமா, பாக்க நல்லா இல்லன்னு பிரிசில்லாகிட்ட கேட்டான். வேணாம்னா. புடுங்கிடலாம்னு பில்கிஸ் கெஞ்சினா. அதுக்கும் வேணாம்னா. இன்பராஜ் அந்த ஆளுகிட்டேருந்து சுத்தியலை வாங்கி வெச்சிக்கிட்டான். சாயங்காலம் கதவைப் பூட்டற வரைக்கும் அந்த மூணு ஆணியும் அப்படியே இருந்துச்சு. வந்தவங்க எல்லாரும் இது ஏன் காலியா இருக்குதுன்னு கேட்டாங்க. கேட்ட ஒவ்வொருத்தருக்கும் இன்பராஜ்தான் பதில் சொல்லணும்னு பிரிசில்லா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு எதிர்ல உக்காந்துட்டா.

மொத ஆளுக்கு அவன் திக்கித் திணறினான். ஏழாவது ஆளு வந்தப்ப, "நான் தேய்ச்சிட்டேன் சார்"னு சொன்னான்.